சான்ஃபிரெச்சே ஹிரோஷிமா: பட்டம் 3-ஆ, 8-ஆ?

இந்த ஜப்பான் கால்பந்து கிளப்புக்குச் சில பட்டியல்களில் 3 லீக் பட்டம், சிலவற்றில் 8 என்று இருப்பதைக் கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரி. 1993-ல் தொடங்கிய ஜே லீக்கில் வென்ற பட்டங்கள் 3 (2012, 2013, 2015). மீதி 5 பட்டங்கள் பழைய ஜப்பான் லீக்கில் வென்றவை: 1965 முதல் 1968 வரை வரிசையாக நான்கு, அப்புறம் 1970.

அந்த 5 பட்டங்கள் வேறு கிளப்புடையவை என்று நீங்கள் நினைத்தது பெயரால்தான் இருக்கும். அப்போது அது டோயோ கோக்யோ, அதாவது இன்றைய மஸ்டா கார் கம்பெனியின் அணி. ஜே லீக்குக்காகத்தான் புதுப் பெயர்: ஜப்பானிய 'சான்' மூன்று, இத்தாலிய 'ஃபிரெச்சே' அம்புகள். அந்தப் பகுதியின் பழைய பிரபு மோரி மோட்டோனாரி மகன்களுக்குச் சொன்ன மூன்று அம்புக் கதை: ஓர் அம்பு ஒடியும், மூன்று சேர்ந்தால் ஒடியாது! ஒட்டுப்போட்ட பெயர்தான், எனக்கென்னவோ பிடிக்கும்.

பட்டியலில் ஆண்டைப் பாருங்கள். 1993-க்கு முன் என்றால் பழைய லீக்.

ஒன்று, 1965, 1967, 1969 பேரரசர் கோப்பைகளை இதில் கூட்டிவிடாதீர்கள். அது தனிப் போட்டி.