ஸ்பானிஷ் தெரிந்தவருக்கே ஸ்பானிஷ் பேசத் தடை!

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): மரியா எலெனா சலினாஸ் என்பவரை முன்னோடி செய்தி வாசிப்பாளர் என்கிறார்களே, அப்படி என்ன செய்தார்?

பதில்: அமெரிக்காவின் ஸ்பானிஷ் மொழி சேனலான யூனிவிஷனில் 1987 முதல் 2017 வரை தேசியச் செய்தி வாசித்தவர். அதில் பெரும்பகுதி ஹோர்ஹே ராமோஸுடன் ஜோடியாக. முப்பது வருஷம் ஒரே நாற்காலி என்பது எந்த ஊர் டிவியிலும் சாதாரணமில்லை.

1954-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தார். பெற்றோர் மெக்சிகோக்காரர்கள், அம்மா தையல் வேலை செய்தவர். 1981-ல் அதே ஊரில் 34-ம் நம்பர் ஸ்பானிஷ் சேனலில் சேர்ந்தார். அந்த சமயத்து லாஸ் ஏஞ்சலஸை நினைத்துப் பாருங்கள்: நகரத்தில் நான்கில் ஒருவருக்கு மேல் லத்தீன் அமெரிக்க வம்சாவளி, ஆனால் 1962-ல் இருந்து 1985 வரை நகரசபையில் அவர்களில் ஒருத்தர்கூட உறுப்பினர் இல்லை. அப்புறம் 1986-ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் வந்தது. ஆவணம் இல்லாமல் இருந்தவர்களில் சுமார் 27 லட்சம் பேருக்கு அதன் வழியாகக் குடியிருக்கும் உரிமை கிடைத்தது. விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது 1987 மே மாதம், இவர் தேசியச் செய்திக்குப் போன அதே வருஷம். என்ன பேப்பர் வேண்டும், கடைசித் தேதி எது என்பதெல்லாம் மற்றவர்களுக்கு ஒரு வரித் தகவல், அந்த நேயர்களுக்கோ வீட்டில் அடுத்த மாதம் யார் இருப்பார்கள் என்ற கேள்வி. அவர் செல்வாக்கு அங்கிருந்து வந்தது என்பது என் எண்ணம், விருதுகளெல்லாம் பிறகுதான்.

கேள்வி (வாசகர், மதுரை): அரசியல்வாதிகள் இவரைப் பார்த்துப் பயந்தார்களா?

பதில்: பயமோ என்னமோ, தேடி வந்தார்கள். 2007 செப்டம்பரில் மயாமி பல்கலைக்கழகத்தில் ஜனநாயகக் கட்சியில் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட வேட்பாளர்களின் விவாதத்தை இவரும் ராமோஸும் ஸ்பானிஷில் நடத்தினார்கள். ஹிலாரி கிளின்டன், ஒபாமா எல்லாரும் காதில் கருவி மாட்டிக்கொண்டு, கேள்வியை மொழிபெயர்ப்பில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள், அது மறுபடி ஸ்பானிஷாகி வீடுகளுக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால், வேட்பாளர்களில் ஒருவரான பில் ரிச்சர்ட்சன் மெக்சிகோ சிட்டியில் வளர்ந்தவர், ஸ்பானிஷ் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் எல்லாருக்கும் சமமாக இருக்க வேண்டும் என்று வேட்பாளர்கள் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பது விதி! மேடையிலேயே அவர் ஆட்சேபம் சொன்னார், பலிக்கவில்லை.

கேள்வி (வாசகி, கோவை): ஆங்கில சேனல்களில் இந்த இடம் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண் யாருக்கும் கிடைக்கவில்லையா?

பதில்: கிடைத்தது, நிலைக்கவில்லை. எலிசபெத் வர்காஸ், தந்தை வழியில் கரீபியன் தீவான புவர்ட்டோ ரிக்கோ. 2006 ஜனவரியில் ஏபிசி சேனலின் மாலைச் செய்தியை பாப் வுட்ரஃபுடன் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார். அந்த மாதமே ஈராக்கில் குண்டு வெடித்து வுட்ரஃப் படுகாயமடைய, சுமை முழுக்க வர்காஸ் தலையில். அப்போது கர்ப்பமாக வேறு இருந்தார். மே மாதத்தில் விலகினார். கர்ப்பத்தைச் சாக்காக வைத்து ஒதுக்கிவிட்டார்கள் என்று பெண்கள் அமைப்புகள் சண்டைக்கு வந்தன, அவரோ அது தன் முடிவு என்றார்.

கேள்வி (வாசகர், திருச்சி): சலினாஸின் அப்பா பாதிரியாராமே?

பதில்: ஆமாம், முன்னாள் கத்தோலிக்கப் பாதிரியார். உலகத்தையே கேள்வி கேட்ட மகளுக்கு, அப்பா இறந்த பிறகு கிடைத்த காகிதங்களைப் பார்த்துத்தான் அது தெரிந்தது. பிறகு அதை வைத்து ஒரு புத்தகமே எழுதினார்.

கேள்வி (அதே வாசகர்): அவர் போன பிறகு அந்த நாற்காலியில் யார்?

பதில்: இலியா கால்டெரோன். கொலம்பியாவின் சோக்கோ பகுதியில் பிறந்த கறுப்பினப் பெண். 2017-ல் வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானின் தலைவர் ஒருவரைப் பேட்டி எடுக்க வட கரோலினாவில் அவர் இடத்துக்கே போனார். அந்த ஆள் நேருக்கு நேர் இனத்தைச் சொல்லித் திட்டி, உங்களை எரித்து விரட்டுவோம் என்றார். கால்டெரோன் எழுந்து போகவில்லை, அடுத்த கேள்வியைக் கேட்டார். அதே வருஷம் டிசம்பரில் சலினாஸின் இடம் அவருக்கு வந்தது.