மினியே குண்டு சாய்ந்து பாய்கிறதா? முதலில் ஈயத்தைக் கீறிப் பாருங்கள்

கேள்வி: 1861 மாதிரி என்ஃபீல்ட் மஸ்கட்டூன் என்ற கார்பைனின் (குட்டைக் குழல் துப்பாக்கியின்) நகல் ஒன்று வைத்திருக்கிறேன். குழல் விட்டம் 0.577 அங்குலம், குழலின் வாய்வழியே வெடிமருந்து இடுவது. கார் சக்கரத்தில் பொருத்தும் ஈய எடைகளை உருக்கி மினியே குண்டு வார்க்கிறேன். 50 கஜத்திலேயே குண்டு பக்கவாட்டில் பாய்ந்து, இலக்குக் காகிதத்தில் நீளமான துளை விழுகிறது. மருந்தைக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். கோளாறு பெரும்பாலும் ஈயத்தில்தான் இருக்கும்.

மினியே குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. அதனால்தான் வாய்வழியே எளிதாக இறங்குகிறது. மருந்து எரிந்ததும் அதன் குழிந்த அடிப்பகுதியின் மெல்லிய விளிம்பு விரிந்து, குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய மரைப் பள்ளங்களைப் பற்ற வேண்டும். பற்றினால்தான் குண்டு சுழலும். உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் பிரினெல் அளவில் தூய ஈயம் ஏறத்தாழ 5. சக்கர எடைகளில் ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி கலந்திருப்பதால் அது 10, 12 வரை போய்விடும். அந்த விளிம்பு சரியாக விரியாது. மருந்தைக் கூட்டி அதை விரியவைக்க முயன்றால் உதை கூடும், கரி கூடும், விளிம்பு கோணலாகப் பிதுங்கவும் செய்யும்.

கடினத்தை அறிய ஓவியப் பென்சில்களே போதும். பென்சிலின் முனையைத் தட்டையாகத் தேய்த்து, சாய்வாகப் பிடித்து ஈயத்தின் மேல் முன்னோக்கித் தள்ளுங்கள். மிக மென்மையான 6பி அல்லது 5பி பென்சிலே ஈயத்தைச் சீவி எடுத்தால் அது உங்களுக்கு ஏற்றது. படிப்படியாகக் கடினமான பென்சிலுக்கு மாறியும் 2பி வரை சீவாமல் வழுக்கிக்கொண்டே போனால் அதை மினியே அச்சில் ஊற்றாதீர்கள். கூரைத் தகட்டு ஈயமும் பழைய குழாய் ஈயமும் நல்லவை. குழாயின் பற்றவைத்த மூட்டுகளில் வெள்ளீயம் இருக்கும், அவற்றை வெட்டி நீக்கிவிடுங்கள். உருக்கும்போது நல்ல காற்றோட்டம் வேண்டும். உருகிய ஈயத்தில் ஒரு துளி நீர் விழுந்தாலும் ஈயம் வெடித்துச் சிதறும்.

அடுத்தது அளவு. தூய ஈயம் ஆறும்போது சக்கர எடைக் கலவையைவிடக் கூடுதலாகச் சுருங்கும். ஆகவே அதே அச்சிலிருந்து இனி விழும் குண்டு சற்றுச் சிறிதாக இருக்கும். புதிதாக அளந்தாக வேண்டும். குழலையும் அளந்து பாருங்கள்: பெயர் 0.577 என்றாலும் நகல்களில் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பாகம் மாறியிருப்பதுண்டு. மஸ்கட்டூனில் ஐந்து பள்ளங்கள். ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே, பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடு வருவதால், ஈயக் கட்டியைக் குழலில் தள்ளி எடுத்து காலிப்பரால் அளந்தால் கணக்குப் பிசகும். துல்லியமான விட்டம் கொண்ட அளவுக் கம்பிகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்ப்பதே நம்பகமானது. மேட்டு விட்டத்தை (எதிரெதிர் மேடுகளுக்கு இடையே குழலின் அகலத்தை) விட 0.001 முதல் 0.002 அங்குலம் சிறியதாகக் குண்டு அமையட்டும். அதைவிடத் தொளதொளவென்று இருந்தால் எவ்வளவு மென்மையான ஈயமும் கைகொடுக்காது.

மசகுக்குத் தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் கலந்தது போதும். பெட்ரோலிய எண்ணெய் கறுப்பு மருந்துடன் சேர்ந்தால் தார்போல இறுகிவிடும். மருந்தளவைத் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பின் கீழ்முனையிலிருந்து தொடங்குங்கள். புகையற்ற மருந்து எக்காரணம் கொண்டும் கூடாது.

உருக்கி வைத்த சக்கர எடைக் கலவையை எறிந்துவிட வேண்டாம். ஷார்ப்ஸ் போலப் பின்புறம் குண்டு இடும் கார்பைன்களில் குண்டு பள்ளத்தின் விட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கும். விரிய வேண்டிய தேவை குறைவு. அங்கே 20 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் என்ற கலவையே என் முதல் தேர்வு என்றாலும், உங்கள் கலவையில் பாதிக்குப் பாதி தூய ஈயம் சேர்த்தும் வார்த்துப் பார்க்கலாம்.