உடல் குறைபாட்டைத் தாண்டிச் சாதித்தவர்களில் உங்களுக்கு ஊக்கம் தந்தவர் யார்? அவரிடமிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?

மாரியப்பன் தங்கவேலு என்று எழுதிவிட்டுப் போகலாம், அதில் தப்பே இல்லை. சேலம் மாவட்டத்துப் பையன், ஐந்து வயதில் வலது கால் மேல் பஸ் ஏறிச் சிதைந்தது, 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். ஆனால் கேள்வி கேட்டவர் கீழே இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: தொடர்ந்து தோற்றுச் சோர்ந்துவிட்டேன், கை கால் இல்லாதவர்களே சாதிக்கும்போது எல்லாம் இருந்தும் எனக்கு ஏன் அந்த விடாமுயற்சி வரவில்லை என்று. அந்த வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அப்படி நினைத்து உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள். அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது விடாமுயற்சி மட்டும் இல்லை. என் மாமாவைப் பார்த்து வளர்ந்ததால் இதைச் சொல்கிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேன் பெட்டி வைப்பவர். இரண்டு வயது ஆவதற்கு முன்பே இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவராவது அப்படி இருந்திருக்கிறார்கள். இன்றைக்கு இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. 1995-இல் நாடு முழுக்கச் சொட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள், 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் ஒரு குழந்தைக்கும் கால் போகவில்லை, 2014-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவும் சேர்ந்த தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ இல்லாத பகுதியாக அறிவித்தது. அந்தச் சொட்டு மருந்து இயக்கம் வருவதற்கு முன்பே பிறந்தவர் மாமா.

அவர் நடப்பது எப்படி என்றால், இடது கையை இடது தொடையில், முட்டிக்குக் கொஞ்சம் மேலே அழுத்தி ஊன்றிக்கொள்வார், அப்போதுதான் கால் மடங்காமல் நிற்கும். ஆக நடக்கும்போதெல்லாம் ஒரு கை காலுக்குப் போய்விடும், மிச்சம் ஒரு கைதான் வேலைக்கு. எங்கள் பக்கம் நிலம் சமமாகவும் கிடையாது. குலசேகரம், திற்பரப்பு பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், எல்லாமே ஏற்றமும் இறக்கமும்தான், ரப்பர் தோட்டம் என்றால் சரிவில் தட்டுத் தட்டாக இருக்கும், மழை பெய்தால் செம்மண் வழுக்கும். இதில் ஒரு மனிதர் வரிசையாகத் தேன் பெட்டி வைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்றால் எப்படி?

பெட்டி இருக்கும் வரிசை நெடுகிலும் மரத்துக்கு மரம் இடுப்பளவு உயரத்தில் கயிறு கட்டியிருப்பார். ஏறும்போது பிடிக்க ஒரு பக்கம், இறங்கும்போது பிடிக்க மறுபக்கம். சாதாரணமாகத் தேன் பெட்டியை நின்று வேலை பார்க்கும் உயரத்தில் ஒரு காலின் மேல் வைப்பார்கள், எறும்பு ஏறாமல் இருக்கக் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கும். மாமாவின் பெட்டிகளுக்கு அந்தக் கால்கள் எல்லாம் அறுத்துக் குட்டையாக்கியவை, ஸ்டூலில் இருந்தால் மூடியைத் திறக்கக் கை சரியாக எட்டும். ஸ்டூலும் பெட்டிக்கு ஒன்று, அங்கேயே கிடக்கும், தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். கதம்பல் (தேங்காய் மட்டை) புகைக்கிற பாத்திரம், கத்தி, தேனடை இருக்கிற சட்டத்தைத் துடைக்கிற துணி எல்லாம் கழுத்தில் மாட்டும் ஒரு பையில். உட்கார்ந்துவிட்டால் அந்தப் பெட்டி வேலை முடிகிறவரை எழுந்திருக்க மாட்டார்.

"எந்திரிக்கியதுதான் மக்ளே செலவு, இருந்து செய்யியது ஒரு செலவும் இல்ல" என்பார்.

இதைத்தான் நான் அவரிடம் கற்றுக்கொண்டேன். எந்த வேலையிலும் நம்மிடமிருந்து அதிகம் பிடுங்கிக்கொள்ளும் ஒரு இடம் இருக்கும், அது எது என்று கண்டுபிடித்து அதைச் சுற்றி மற்றதை மாற்றி அமைப்பது. அவருக்கு அது எழுந்து உட்காருவது. நான் மார்த்தாண்டத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், எனக்கு அது ஒரு வேலைக்கு நடுவில் இன்னொரு வேலையைத் தொடுவது. கவுண்டரில் ஆள் வந்து நின்றால் கையில் இருக்கிற போர்டை வைத்துவிட்டுப் போவேன், திரும்ப வந்தால் எங்கே விட்டேன் என்பதே மறந்திருக்கும். இப்போது சாலிடரிங் வேலையெல்லாம் காலையில் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு முடித்துவிடுகிறேன். இதற்கு மன உறுதி ஒன்றும் தேவைப்படவில்லை. நீங்களும் 'எனக்கு ஏன் உறுதி இல்லை' என்று கேட்பதை விட, தோற்ற ஒவ்வொரு தடவையும் எந்த இடத்தில் தீர்ந்துபோனீர்கள் என்று பாருங்கள். அநேகமாக ஒரே இடமாகத்தான் இருக்கும்.

ஓட முடியாத மனிதர் தேனீயிடம் போகிறாரே என்று சின்ன வயதில் எனக்குப் பயமாக இருக்கும். ஆனால் கையை வீசினாலும் படபடவென்று அசைந்தாலும்தான் தேனீ கொட்ட வரும், மாமா கை நகர்வதே தெரியாது. சட்டத்தை ஒரு ஓரமாகப் பிடித்து மெல்லத் தூக்கி, வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்து, ராணி முட்டை வைத்திருக்கிறதா, புழு நன்றாக இருக்கிறதா என்று பார்த்து அப்படியே இறக்குவார். மேலே நடக்கிற ஈக்களுக்குத் தங்கள் வீட்டை ஒருவர் தூக்கிப் பார்த்தது தெரிந்ததாகவே இருக்காது.

புழுவை இவ்வளவு உற்றுப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புழுக்களைத் தாக்கும் வைரஸ் நோய் ஒன்று பரவி எங்கள் மாவட்டத்திலும் கேரளத்திலும் பெட்டி பெட்டியாகக் காலியானது. அவர் பெட்டிகளும் போயின. சில வருஷம் குடை ரிப்பேர் பார்த்தார், அப்புறம் தப்பிப் பிழைத்த கூட்டங்களிலிருந்து பிரித்து மறுபடி ஆரம்பித்தார். தை மாசிக்கு ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கும்போது இளம் இலைக் காம்பில் தேன் ஊறும். பூவில் இல்லை, இலைக் காம்பில், பலருக்கு இது தெரியாது. எங்கள் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு அதுதான், மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த மாதங்களில் மாமாவைக் கையில் பிடிக்க முடியாது. தேன் குறைந்த தோட்டத்திலிருந்து நல்ல துளிர் உள்ள தோட்டத்துக்குப் பெட்டியை மாற்றுவது ராத்திரியில்தான், ஈ எல்லாம் அடைந்த பிறகு வாசலை அடைத்து டெம்போவில் ஏற்றுவார்கள். தூக்குவதற்குப் பையன்கள். எந்தப் பெட்டி முதலில், எது எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதெல்லாம் மாமா.

இவ்வளவு செய்கிறவருக்கு ஒரு முறை பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டார்கள். எந்த விழா என்று சொல்லவில்லை, நல்ல மனசோடுதான் கூப்பிட்டார்கள். மேடைக்கு ஆறேழு படி, பிடிக்கக் கம்பி இல்லை. இரண்டு பையன்கள் வந்து கேட்காமலே அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி மேலே வைத்தார்கள், கூட்டம் கைதட்டியது. தன்னம்பிக்கையின் சிகரம் என்று மைக்கில் சொன்னார்கள். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவே இல்லை என்று மாமி பிறகு சொன்னார். என்னால் அந்தக் கைதட்டலை இன்னும் மறக்க முடியவில்லை. இரண்டு கம்பியும் ஒரு சாய்வுப் பலகையும் இருந்திருந்தால் அவராகவே ஏறியிருப்பார். அடுத்த முறை வேறு இடத்தில் கூப்பிட்டபோது, கீழேயே வைத்துத் தருவதாக இருந்தால் வருகிறேன் என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டார். அவர்களும் தாராளமாக ஒத்துக்கொண்டார்கள்.

2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பொது இடங்களும் கட்டடங்களும் எல்லோரும் வந்துபோகிற மாதிரி இருக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது, அரசு வேலையில் நாலு சதவீத ஒதுக்கீடும் அதில்தான். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் அலை வரைக்கும் மரப்பாதை போட்டார்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் தண்ணீருக்குப் பக்கத்தில் போய்க் கடலைப் பார்த்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் பாதை சேதமாகி, திரும்பச் சரிசெய்தார்கள். மூன்று கடல் சேருகிற ஊர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற நாங்களும் எங்கள் கடற்கரைகளில் இதைக் கேட்டு வாங்க வேண்டும். மணலில் சக்கரம் புதைந்தால் எந்தத் தன்னம்பிக்கையாலும் நகர முடியாது.

மாரியப்பனிடமும் எனக்குப் பிடித்தது அந்த மாதிரி ஒரு சின்ன விஷயம். டோக்கியோவில் போட்டி நேரத்தில் மழை, குறைபாடு உள்ள காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துவிட்டது, அதனால் தாண்டுவது கஷ்டமாகிவிட்டது என்று பிறகு சொன்னார். 1.86-உடன் வெள்ளி. உலகத்தரத்தில் ஒருவருக்கு நனைந்த சாக்ஸ் வரைக்கும் கணக்கில் வருகிறது. அதே மாதிரி தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் தொடங்கிய ராமகிருஷ்ணன். 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், 1981-இல் அதை ஆரம்பித்தார், 2020-இல் பத்மஸ்ரீ. கையைக் காலை அசைக்க முடியாதவர் ஒரு நிறுவனத்தை நடத்தினார் என்றால் எதை யாரிடம் கொடுப்பது, எதை எப்போது கேட்பது என்பதில் எவ்வளவு யோசனை இருந்திருக்கும்!

கடைசியாக ஒன்று, இதைத் தெரிந்தவர்கள் குறைவு. ஐம்பது தாண்டியதும் மாமாவுக்கு நல்ல காலும் வலுவிழக்க ஆரம்பித்தது. பார்த்தவர்கள் எல்லோரும் விடாதீர்கள், இன்னும் நடங்கள், இன்னும் உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார்கள். அவரும் செய்தார், மோசமானது. நரம்பு டாக்டர் நேர் எதிராகச் சொன்னார். போலியோவில் தசையை இயக்கும் நரம்பு செல்களில் பல செத்துவிடும், மிஞ்சியவை புதுக் கிளை விட்டு, செத்தவற்றின் தசையையும் சேர்த்து இயக்கும். முப்பது நாற்பது வருஷம் இப்படி மிகையாக உழைத்தபின் அவையும் ஓய்ந்துவிடும், அப்போது ஓட்டினால் இருப்பதும் போகும். வேலையைப் பிரித்துச் செய்யுங்கள், களைப்பு வருவதற்கு முன்பே உட்காருங்கள் என்றார். மாமா முப்பது வருஷமாகத் தோட்டத்தில் செய்துகொண்டிருந்ததையே டாக்டர் இப்போது வீட்டிலும் செய்யச் சொன்னார். அதன் பிறகு ஸ்கூட்டரில் பக்கச் சக்கரம் பொருத்திக்கொண்டார், கடைக்கு நடப்பதை நிறுத்தினார், மிச்சப்பட்ட பலத்தை எல்லாம் பெட்டிகளுக்கு வைத்துக்கொண்டார்.

இப்போது தோள் வலி. வருஷக்கணக்காகக் கையை ஊன்றி நடந்ததில் வந்தது. பெட்டியில் தேன் நிறைந்த மேல் அறையைத் தூக்கி இறக்குவதுதான் அதிகம் வலிக்கிறதாம். மூன்று குழாயை உச்சியில் சேர்த்துக் கட்டி, அதில் கப்பி மாட்டி, ஸ்டூலில் இருந்தபடியே கயிற்றை இழுத்து அறையைத் தூக்க முடியுமா என்று ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் படம் வரைந்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். முக்கால் இஞ்சுக் குழாய் தாங்குமா, ஒரு இஞ்சே வேண்டுமா என்று மார்த்தாண்டத்தில் இரும்புக் கடையில் கேட்டுச் சொல்லச் சொன்னார். தை பிறப்பதற்குள் அவருக்கு அது வேண்டும்.