அலர்ஜி செல்லுக்கும் நரம்பு நோய்க்கும் என்ன தொடர்பு?

கேள்வி: என் தங்கைக்கு 29 வயது. போன வருடம் ஒரு கண்ணில் பார்வை மங்கியது, அப்புறம் கால் மரத்துப்போனது, கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்றார்கள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தூசி அலர்ஜி உண்டு. அலர்ஜியை உண்டாக்கும் மாஸ்ட் செல்லுக்கு இந்த நோயிலும் பங்கு இருப்பதாகப் படித்தேன். அலர்ஜியைக் கவனிக்காமல் விட்டதால்தான் இது வந்ததா? அதையே சொல்லிச் சொல்லி அம்மா அழுகிறார்.
- வாசகி, ஈரோடு

பதில்: இல்லை. இதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். தூசி அலர்ஜிக்கு வைத்தியம் பார்க்காததால் எம்.எஸ். வருவதில்லை. பாஸ்டனில் 1,300-க்கும் மேற்பட்ட எம்.எஸ். நோயாளிகளின் அலர்ஜி விவரங்களை அலசிப் பார்த்தார்கள். உணவு அலர்ஜி உள்ளவர்களுக்கு நோய்த் தாக்குதல்கள் சற்று அதிகமாக இருந்தன, ஆனால் தூசி, மகரந்தம் மாதிரியான அலர்ஜிகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. உணவு அலர்ஜியும்கூட நோய்க்குக் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, இரண்டும் சேர்ந்து காணப்பட்டன, அவ்வளவுதான்.

இனி நீங்கள் படித்த விஷயம். எம்.எஸ்.ஸில் நம் நோய் எதிர்ப்புப் படையே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையான மயலினைத் தாக்குகிறது. தாக்குவதில் முக்கியப் பங்கு டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களுக்கு என்பதால் பல காலம் ஆராய்ச்சி எல்லாம் அவற்றைச் சுற்றியே நடந்தது. மாஸ்ட் செல்லை 1878-லேயே ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் விவரித்திருந்தாலும், தும்மல், தடிப்பு, மூச்சுத்திணறல் என்று வரும்போதுதான் அதன் பேச்சே எழும்.

அமெரிக்க ஆராய்ச்சியாளர் மெலிசா பிரவுன் அங்கேதான் வேறு கேள்வி கேட்டார். மாஸ்ட் செல்லே இல்லாத எலிக்கு எம்.எஸ். மாதிரியான நோயை வரவழைத்தால் என்ன ஆகும்? கிட் என்ற மரபணுவில் கோளாறு உள்ள எலிகளில் இந்தச் செல்கள் வளர்வதில்லை. அந்த எலிகளுக்கு நோய் தாமதமாக வந்தது, கடுமையும் குறைவு. வெளியே வளர்த்த மாஸ்ட் செல்களை அவற்றின் உடம்பில் ஏற்றியதும் நோய் பழைய வேகத்துக்குத் திரும்பியது. இந்த முடிவு 2000-இல் வெளியானது. பின்னர் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அவரது குழு இன்னும் உள்ளே போய்ப் பார்த்தது. மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளில் உட்கார்ந்திருக்கும் மாஸ்ட் செல்கள் டிஎன்எஃப் என்ற பொருளை விட்டு நியூட்ரோஃபில்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களை அங்கே வரவழைக்கின்றன, அவை ரத்தத்தில் உள்ளவை மூளைக்குள் நுழையாமல் காக்கும் தடுப்பைத் தளர்த்த, டி செல்களுக்கு வழி கிடைக்கிறது. மாஸ்ட் செல் கதவைத் திறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஆய்வகங்களும் இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கிட் மரபணு கெட்டால் மாஸ்ட் செல் மட்டும் போவதில்லை, வேறு சில செல்களும் பாதிக்கப்படும். 2011-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் குழு ஒன்று கிட்டைத் தொடாமல் மாஸ்ட் செல்களை ஒழித்த எலிகளில் சோதித்தபோது நோயில் மாற்றமே இல்லை. எலியின் வகை, நோயை வரவழைக்கும் முறை எல்லாமே முடிவை மாற்றுகின்றன. அதனால் எலி ஆய்வைப் படித்துவிட்டு யாரும் தங்கள் மேலோ, பெற்றவர்கள் மேலோ பழியைப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எம்.எஸ். பெண்களுக்கு ஏன் அதிகமாக வருகிறது?
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம் வருகிறது. ஒரே காரணம் என்று எதையும் காட்ட முடியாது, ஆனால் மேலே சொன்ன பிரவுனின் குழுவே இதில் ஒரு நல்ல துப்பைக் கண்டுபிடித்தது. எனக்கு அவருடைய வேலையில் ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான்.

எஸ்ஜேஎல் என்ற எலி வகையில் பெண் எலிக்கு நோய் எளிதில் வரும், ஆண் எலி தாக்குப்பிடிக்கும். கிட் மரபணு கெட்டால் நோய் குறைய வேண்டும் அல்லவா? இந்த வகை ஆண் எலிகளிலோ தலைகீழாக நடந்தது, இருந்த பாதுகாப்பே போய்விட்டது. ஏன் என்று துருவியதில் 2018-இல் விடை வந்தது. ஆண் எலியில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் மாஸ்ட் செல்லைத் தூண்டி ஐஎல்-33 என்ற புரதத்தைச் சுரக்க வைக்கிறது. அது ஐஎல்சி2 என்ற இன்னொரு வகைச் செல்லை எழுப்புகிறது, அதன் பிறகு டி செல்கள் மூளையைத் தாக்கும் வழியை விட்டு, தீங்கில்லாத வழிக்குத் திரும்புகின்றன. ஆண் எலியில் ஐஎல்-33-ஐத் தடுத்தால் நோய்க்கு இடம் கிடைக்கிறது, பெண் எலிக்கு அதைக் கொடுத்தால் நோய் தடுக்கப்படுகிறது. மாஸ்ட் செல் கெடுக்கிறது என்று காட்டிய அதே ஆராய்ச்சியாளர், அதே செல் காக்கவும் செய்கிறது என்று காட்டியிருக்கிறார்! முதலில் சொன்னதையே பிடித்துக்கொண்டு நிற்காமல், சேராத முடிவை விடாமல் துரத்தியதால் கிடைத்த பலன் இது.

சரி, டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்காதீர்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 10 ஆண் நோயாளிகளிடம் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லைச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள், நம்பிக்கை தந்தது. ஆனால் 10 பேர்தான். பெண்களுக்கோ முகத்தில் முடி, குரல் மாற்றம், மாதவிலக்குக் கோளாறு என்று பக்கவிளைவுகள் வரும். அந்த ஹார்மோனைத் தவிர்த்துவிட்டு, அது தொடங்கிவைக்கும் ஐஎல்-33 பாதையை மட்டும் மருந்தாக்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி போகிற திசை.

கேள்வி: அப்படியானால் தினமும் ஒரு செட்டிரிசின் அலர்ஜி மாத்திரை போட்டால் எம்.எஸ். அடங்குமா?
- வாசகர், மதுரை

பதில்: அடங்காது. செட்டிரிசின், மாஸ்ட் செல் விடுகிற பொருள்களில் ஒன்றான ஹிஸ்டமினை மட்டும் தடுக்கும். மற்ற எத்தனையோ பொருள்களை அது தொடாது. அலர்ஜிக்காக டாக்டர் கொடுத்திருந்தால் போடுங்கள், எம்.எஸ். மருந்துக்குப் பதிலாக வேண்டாம். கிளெமாஸ்டின் என்ற பழைய அலர்ஜி மாத்திரை, சேதமான பார்வை நரம்பில் சமிக்ஞையைக் கொஞ்சம் வேகப்படுத்தியதாக 2017-இல் ஒரு சோதனை சொன்னது உண்மை, ஆனால் அந்தப் பலன் வேறு வழியில் வந்தது, மாஸ்ட் செல்லை அடக்கியதால் அல்ல. பிறகு நடந்த இன்னொரு சோதனையில் சிலருக்கு நோய் வேகமாக மோசமானதால் அதைக் கொடுப்பதை நிறுத்தினார்கள். கடையில் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்க்கிற விஷயமே இல்லை.

கேள்வி: மாஸ்ட் செல்லையே குறிவைக்கும் மருந்து ஏதாவது வருகிறதா?
- வாசகர், கோவை

பதில்: மாசிடினிப். பிரான்ஸ் நிறுவனம் ஒன்றின் மாத்திரை, மாஸ்ட் செல்லுக்குத் தேவையான கிட் சமிக்ஞையைத் தடுக்கிறது. மெல்ல மெல்ல மோசமாகிக்கொண்டே போகும் வகை எம்.எஸ்.ஸில் சோதித்து 2022-இல் முடிவு வெளியிட்டார்கள். 96 வாரங்களில் ஊனம் கூடுவது சிறிதளவு குறைந்தது, அளவைக் கூட்டிக் கொடுத்தபோது பலன் தெரியவில்லை. இதை உறுதிசெய்யப் பெரிய சோதனை ஒன்று தேவை. இப்போது சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டர் கொடுத்த மருந்தை இதற்காக நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.