வாசகர் கேள்வி – பதில்: இங்கிலாந்து கிராமங்களில் நிதானமாக ஒரு கார் பயணம்

ஜூன் மாதம் பன்னிரண்டு நாள் இங்கிலாந்து போகிறோம். ரெடிங்கில் சித்தி மகன், லெஸ்டரில் என் கணவரின் கல்லூரி நண்பர், லீட்ஸில் நாத்தனார் இருக்கிறார்கள். நடுவில் கிராமப்புறம் பார்க்க ஆசை. நான்கு பெரியவர்கள், ஏழு வயதுப் பையன். நாட்களை எப்படிப் பிரிப்பது? – வாசகி, திருச்சி

உறவினர் வீட்டுக்குச் சனி, ஞாயிறு. கிராமங்களுக்கு வார நாட்கள். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு திட்டம் போட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். வார நாட்களில் வீட்டுக்காரர்கள் காலை ஏழரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் பூட்டிய வீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். அதே வார நாளில்தான் கிராமங்களில் கூட்டம் குறைவு, அறை வாடகையும் குறைவு. பல விடுதிகள் கோடை வார இறுதியில் ஒரு இரவுக்கு அறை தருவதில்லை, இரண்டு இரவாவது தங்கச் சொல்கின்றன.

வியாழக்கிழமை வந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். விமானத்தில் தூக்கம் கெட்ட கண்ணோடு அன்றே கார் எடுக்க வேண்டாம். ஹீத்ரோவிலிருந்து ரெடிங்குக்கு ரெயில்ஏர் பேருந்து ஓடுகிறது. மூன்று இரவு சித்தி மகன் வீடு. ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் ரெடிங்கிலேயே வாங்கி வைத்த வாடகைக் காரில் காட்ஸ்வோல்ட்ஸ் என்ற குன்றுக் கிராமப் பகுதிக்குக் கிளம்புங்கள். ஆக்ஸ்ஃபோர்டைப் பார்க்க வேண்டுமானால் காரோடு ஊருக்குள் நுழையாதீர்கள். ஊரைச் சுற்றி ஐந்து இடங்களில் 'பார்க் அண்ட் ரைடு' இருக்கிறது. காரை அங்கே விட்டுவிட்டுப் பேருந்தில் போய் வரலாம்.

காட்ஸ்வோல்ட்ஸில் மூன்று இரவும் ஒரே ஊரில் தங்குங்கள். ஸ்டோ ஆன் த வோல்ட் அல்லது மோர்ட்டன் இன் மார்ஷ் வசதி. மோர்ட்டனில் செவ்வாய்தோறும் தெருச்சந்தை கூடும். பைபரி கிராமத்தில் எல்லோரும் படம் பிடிக்கும் ஆர்லிங்டன் ரோ வீடுகள், 14ஆம் நூற்றாண்டில் கம்பளி சேமிக்கக் கட்டிய கிடங்கு, பிறகு நெசவாளர் குடியிருப்பாக மாறியது. காலை ஒன்பதுக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போ போனால் அந்த வீடுகள் கண்ணில் படும். நடுப்பகலில் போனால் சுற்றுலாப் பேருந்துகள்தான் கண்ணில் படும். பையனுக்கு போர்ட்டன் ஆன் த வாட்டர் பிடிக்கும்: ஊர் நடுவே கணுக்கால் ஆழத்தில் வின்ட்ரஷ் ஆறு, மேலே தாழ்வான கற்பாலங்கள். அங்கிருந்து லோயர் ஸ்லாட்டர் வரை வயல்வழி நடை, ஒரு பக்கம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான்.

புதன்கிழமை ஏ429 சாலையில் வடக்கே கிளம்புங்கள். ரோமானியர்கள் போட்ட ஃபாஸ் வே இதுதான், அதனால்தான் நூல் பிடித்தாற்போல் போகிறது. ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டில் சில மணி நேரம், மாலையில் லெஸ்டர், இரவு நண்பர் வீடு. வியாழன் பீக் டிஸ்ட்ரிக்ட், பேக்வெல்லில் ஒரு இரவு. 1951இல் இங்கிலாந்தின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி இது. பழைய ரயில் பாதையைச் சுரங்கங்களோடு நடைபாதையாக்கிய மான்சல் டிரெயில் பக்கத்திலேயே இருக்கிறது. கார் வராது என்பதால் பையனைக் கையை விட்டு ஓட விடலாம். வெள்ளி மாலை லீட்ஸ். சனி, ஞாயிறு நாத்தனார் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு யார்க்‌ஷர் டேல்ஸ் பள்ளத்தாக்குப் பகுதிக்குப் போய் வரலாம். திங்கள் ஊருக்கு.

திரும்பும் விமானத்தை மான்செஸ்டரிலிருந்து எடுங்கள். லீட்ஸிலிருந்து ஹீத்ரோ ஏறக்குறைய 200 மைல். நெரிசல் இல்லாவிட்டாலும் மூன்றரை மணி நேரமாவது ஆகும். மான்செஸ்டர் விமான நிலையம் அதில் கால்வாசி தூரம்தான். ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விட்டால் கார் நிறுவனம் கூடுதல் கட்டணம் கேட்கும். ஆனாலும் ஒரு நாள் மிச்சம்.

கூகுள் மேப்பில் எல்லா ஊரும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிறது. ஒரு நாளைக்கு 200 மைல் ஓட்டினால் இன்னும் நிறைய பார்க்கலாமே? – வாசகர், கோவை

பார்க்கலாம், கண்ணாடி வழியாக. மோட்டார்வே எனும் விரைவுச்சாலையில் மணிக்கு 60 மைல் சராசரி கிடைக்கும். சாதாரண 'ஏ' சாலையில் 35–40. கிராமத்துச் சந்துச் சாலையில் 20 கிடைத்தால் அதிர்ஷ்டம். முன்னால் ஒரு டிராக்டர் போனால் அதுவும் இல்லை. நாளொன்றுக்கு மூன்று மணி நேர ஓட்டம் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், அவசரமே தேவையில்லை. இதே பயணத்தை டிசம்பரில் போனால் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அப்போது மூன்று மணி நேரம்கூட அதிகம்.

இந்திய லைசென்ஸ் போதுமா? அண்ணன் காரையே வாங்கி ஓட்டினால் வாடகை மிச்சம் இல்லையா? – வாசகர், மதுரை

சுற்றுலா விசாவில் போகிறவர், செல்லுபடியாகும் இந்திய லைசென்ஸை வைத்து 12 மாதம் வரை கார் ஓட்டலாம். ஆங்கிலத்தில் அச்சிட்ட அட்டை இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் வாடகை நிறுவனங்களுக்குத் தனி விதிகள் உண்டு: லைசென்ஸ் வாங்கி ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்பார்கள், வயது 25க்குக் கீழே என்றால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்பார்கள். முன்பதிவின்போதே படித்துவிடுங்கள்.

அண்ணன் கார் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நம் ஊரில் காருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம். அங்கே இன்ஷூரன்ஸ் பெயர் சொல்லி எழுதப்படுகிறது. பாலிசியில் அண்ணன், அண்ணி பெயர் மட்டும் இருந்தால் நீங்கள் ஓட்டுவது இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் ஆறு பெனால்டி புள்ளிகள், காரையும் போலீஸ் எடுத்துப் போகலாம். உங்கள் பெயரைச் சில நாட்களுக்குப் பாலிசியில் சேர்க்கலாம், அல்லது தனியாகக் குறுகிய காலப் பாலிசி எடுக்கலாம். வெளிநாட்டு லைசென்ஸை ஏற்கும் நிறுவனமா என்று முதலில் கேளுங்கள். ஐந்து பேர், பெட்டிகள், இரண்டு வாரம் என்றால் வாடகைக் கார்தான் நிம்மதி.

எந்தக் கார்? 'எஸ்டேட்' வகை, அதாவது பின்புறம் நீண்ட டிக்கி உள்ளது. ஏழு சீட் வண்டியில் மூன்றாவது வரிசையை விரித்தால் பெட்டி வைக்க இடமே இருக்காது. சந்துச் சாலையில் அந்த அகலம் வேறு பாரம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் பதிவில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். குழந்தைக்கு 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை சைல்டு சீட் கட்டாயம். காரை வாங்கும்போது நான்கு சக்கர விளிம்புகளையும் இரு பக்கக் கதவுகளையும் நெருக்கத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பயணத்தில் கீறல் விழுவது அங்கேதான். டயர், கண்ணாடி, அடிப்பாகம் ஆகியவை சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் சேராது.

அங்கேயும் இடது பக்க ஓட்டம்தானே, சிரமம் இருக்காது என்கிறார்கள். உண்மையா? – வாசகி, சேலம்

பக்கம் ஒன்றுதான், பழக்கம் வேறு. முதல் வித்தியாசம், 'ஃப்ரீ லெஃப்ட்' கிடையாது. சிவப்பு விளக்கு என்றால் இடதுபக்கம் திரும்பவும் நிற்க வேண்டும். இரண்டாவது, ரவுண்டானா. வலப்பக்கமிருந்து, அதாவது உள்ளே ஏற்கெனவே சுற்றிக்கொண்டு வருகிறவருக்கே முன்னுரிமை. மூக்கை நுழைத்து இடம் பிடிக்கும் வித்தை அங்கே செல்லாது. இடப்பக்கம் அல்லது நேரே போக இடது லேன், வலப்பக்கம் போக வலது லேன். தரையில் எழுதியிருந்தால் அதன்படி. உங்கள் வழிக்கு முந்தைய வழியைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டர். வழியைத் தவறவிட்டால் இன்னொரு சுற்று சுற்றுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். ஹாரன் அடித்தால்தான் கோபிப்பார்கள்.

வேகம் மைலில். குடியிருப்புப் பகுதியில் 30, பல ஊர்களில் 20. வெள்ளை வட்டத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை போட்ட பலகை தேசிய வரம்பைக் குறிக்கும்: ஒற்றைச் சாலையில் கார்களுக்கு 60, நடுவே தடுப்புள்ள இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 70. இந்தப் பலகை எட்டடி அகலச் சந்தின் முகப்பிலும் நிற்கும். அறுபதில் போ என்று அது சொல்லவில்லை. இருபுறமும் ஆளுயர வேலி, வளைவுக்கு அப்பால் எதுவும் தெரியாது. தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் போங்கள், ஏனென்றால் எதிரே வருபவருக்கும் நிற்க மீதிப் பாதி வேண்டும்.

எதிரே வண்டி வந்தால்? அங்கங்கே சாலையை அகலப்படுத்தி ஒதுங்கும் இடம் விட்டிருப்பார்கள். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரெதிரே, உங்கள் பக்கத்திலேயே நின்றுவிடுங்கள். எதிரே வருபவர் அதில் ஒதுங்கிக் கடப்பார். வலப்பக்கம் பாய்ந்து ஒதுங்குவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. இருவருமே தாண்டி வந்துவிட்டால் யாருக்கு அந்த இடம் அருகில் இருக்கிறதோ அவர் ரிவர்ஸ் எடுப்பது வழக்கம். மேடேறி வருகிறவருக்கு வழி விடுவது முறை. வழி விட்டவருக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கை உயர்த்துங்கள். அங்கே அது கட்டாயம் மாதிரி. ஒதுங்கும் இடத்தில் காரை நிறுத்திப் படம் எடுப்பது மட்டும் கூடாது.

குதிரையில் வருபவரைக் கடக்கும்போது வேகம் 10 மைலுக்கு மேல் கூடாது, இரண்டு மீட்டர் இடைவெளி விட வேண்டும். மலைப்பக்கம் ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். பீக் பகுதியில் காசில்டனிலிருந்து மேற்கே போகும் பழைய பெரிய சாலை மேம் டார் மலைச்சரிவில் சரிந்து சரிந்து, 1979இல் நிரந்தரமாக மூடப்பட்டது. இப்போது அந்தப் பக்கம் போக வின்னட்ஸ் பாஸ் என்ற செங்குத்தான கணவாய்தான் வழி. இறங்கும்போது கியரைக் குறைத்து இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும்.

நண்பர் வீடு கிராமத்தில் ஒரு பழைய பண்ணை வீடாம். அஞ்சல் குறியீடு கொடுத்தார். அது போதும்தானே? – வாசகர், சென்னை

நகரத்தில் போதும். கிராமத்தில் ஒரே குறியீடு மைல் கணக்கில் நீளும் சந்தில் சிதறிக் கிடக்கும் பல வீடுகளுக்குப் பொருந்தும். வரைபடம் உங்களை ஏதோ ஒரு வயல் நடுவே நிறுத்தி 'வந்துவிட்டீர்கள்' என்று சொல்லும். பல வீடுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். அதுவும் வாசலில் பாசி படிந்த பலகையில். வரைபடத்தில் வீட்டு வாசலைக் காட்டும் இருப்பிடக் குறியை ('லொகேஷன் பின்') நண்பரிடம் அனுப்பச் சொல்லுங்கள். கூடவே கடைசி ஒரு மைலுக்கு வாய்மொழி அடையாளம் கேளுங்கள்: எந்த மதுக்கடை தாண்டி, எந்தப் பக்கம், எந்த நிற கேட். பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும், வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

தங்கப் போகும் வீடுகளுக்கு என்ன கொண்டுபோகலாம்? எதில் கவனமாக இருக்க வேண்டும்? – வாசகி, தஞ்சாவூர்

இந்தியாவிலிருந்து இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுபோகத் தடை. நெய், பால்கோவா, பனீர் எல்லாம் விமான நிலையத்தில் பிடுங்கப்படும். பொடி வகைகள், வடகம், அப்பளம், சேலை, பித்தளைச் சாமான் கொண்டுபோங்கள். இனிப்பு வேண்டுமென்றால் லெஸ்டர் வழியாகப் போகிறவர்கள் பெல்கிரேவ் ரோட்டில் வாங்கிக்கொள்ளலாம். இந்திய இனிப்புக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு.

ஆங்கிலேய நண்பர் 'டீக்கு வாருங்கள்' என்றால், வடக்கே பல வீடுகளில் அது மாலைச் சாப்பாடு. ஆறு மணி என்றால் ஆறு ஐந்துக்குப் போங்கள். ஐந்தரைக்குப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். அசைவம் சாப்பிடமாட்டீர்கள் என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள், மீனும் இல்லை என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

பழைய வீடுகளில் வெந்நீர் ஒரு தொட்டியளவுதான். ஐந்து பேரும் அடுத்தடுத்துக் குளித்தால் கடைசி ஆளுக்குப் பச்சைத்தண்ணீர். இரவில் இருவர், காலையில் மூவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கிராமத்து வீடுகள் பலவற்றில் கழிவுநீர் செப்டிக் தொட்டிக்குத்தான் போகிறது. ஈரத்துணிக் காகிதம் ('வெட் வைப்ஸ்') கழிவறையில் போகக் கூடாது, எண்ணெயைச் சிங்க்கில் கொட்டக் கூடாது. நீங்கள் சமைத்துப் போடுவதானால் மிளகாய் தாளிக்கும்முன் சன்னலைத் திறந்து மின்விசிறியைப் போடுங்கள். புகை அலாரம் தாளிப்பையும் தீ என்றே நினைக்கும்.

சைவச் சாப்பாடு வழியில் கிடைக்குமா? – வாசகர், நெல்லை

கிடைக்கும், நேரம் தவறினால் கிடைக்காது. கிராமத்து 'பப்' சமையலறை மதியம் இரண்டு அல்லது இரண்டரைக்கு மூடி மாலை ஆறுக்குத்தான் திறக்கும். திங்கள்கிழமை சில பப்கள் திறப்பதே இல்லை. மெனுவில் 'வி' என்று போட்டது சைவம். தோலோடு சுட்ட உருளைக்கிழங்கில் பீன்ஸும் சீஸும் போட்டது எங்கும் உண்டு. பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரமே திறக்கலாம் என்பது சட்டம். சனிக்கிழமையே ரொட்டி, பழம், தயிர் வாங்கிவிடுங்கள்.

பார்க்கிங், பெட்ரோல் இரண்டிலும் எதற்குப் பயப்பட வேண்டும்? – வாசகர், ஈரோடு

இரட்டை மஞ்சள் கோட்டில் எந்நேரமும் நிறுத்தக் கூடாது. ஒற்றைக் கோடு என்றால் பக்கத்துப் பலகையில் நேரம் இருக்கும். தனியார் நிறுத்துமிடங்களில் ஆள் இருக்கமாட்டார், கேமரா நம்பர் பலகையைப் படித்துக்கொள்ளும். கட்டிய நேரம் தாண்டினால் வாடகை நிறுவனத்துக்கு அபராதக் கடிதம் போகலாம். அவர்கள் தங்கள் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டிலிருந்து எடுப்பார்கள். கிராமங்களில் பார்க்கிங் கட்டண ஆப் வேலை செய்யச் சிக்னல் இருக்காது, ஒரு பவுண்டு நாணயங்கள் கொஞ்சம் காரில் இருக்கட்டும். உள்ளூராட்சி போட்ட அபராதச் சீட்டை 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகைதான்.

பெட்ரோலை நீங்களே போட வேண்டும். பச்சைக் கைப்பிடி பெட்ரோல், கறுப்பு டீசல். மாற்றிப் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். எஞ்சினை ஓட்டாதவரை தொட்டியைக் காலி செய்தால் போதும். மோட்டார்வே ஓரப் பெட்ரோல் பங்க்குகளில் விலை அதிகம், சூப்பர்மார்க்கெட் பங்க்குகளில் குறைவு. கிராமப்புறத்தில் பங்க்குகள் அரிது, இரவில் மூடியும் விடும். முள் பாதிக்கு வந்ததுமே போட்டுக்கொள்ளுங்கள்.