மாயவரத்திலிருந்து மூன்று நாள் சென்னை: எந்தக் கிழமை கிளம்புவது?

வியாழன் இரவு ரயில், வெள்ளி, சனி, ஞாயிறு சென்னை, கூட எட்டு வயதுப் பையனும் முழங்கால் வலியுள்ள அம்மாவும், எதையெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எதைப் பார்ப்பது என்பது அப்புறம். முதலில் கிழமையை மாற்றுங்கள். வெள்ளி இரவு ஏறி, திங்கள் இரவு திரும்புங்கள்.

காரணம், வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. கோட்டை அருங்காட்சியகத்துக்கும் அப்படியே. வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய். உங்கள் கணக்குப்படி போனால் முதல் நாளே பூட்டிய கேட்டைப் பார்ப்பீர்கள். இன்னொன்று, வெள்ளி இரவுக் கூட்டமெல்லாம் சென்னையிலிருந்து ஊருக்கு வருகிற கூட்டம். நீங்கள் எதிர்த்திசையில் போவதால் உழவன் எக்ஸ்பிரஸிலோ மன்னை எக்ஸ்பிரஸிலோ படுக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். முன்பதிவு இப்போது 60 நாள்தான், பழைய 120 நாளை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். பஸ் என்றால் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து எழும்பூர் வர இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல். அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம்.

ரயில் விடிவதற்கு முன்பே சேர்ந்துவிடும். பகல் 12 மணிக்குத்தான் அறை என்கிற ஓட்டலில் போட்டிருந்தால், ஒரு நாள் வாடகை கூடக் கேட்பார்கள், இல்லையென்றால் வரவேற்பறையில் உட்கார வேண்டும். எழும்பூர் நிலையத்துக்கு எதிரே கென்னட் லேன் பக்கம் 24 மணி நேரக் கணக்கில் அறை தரும் லாட்ஜுகள் உண்டு, போன் செய்து கேட்டுக்கொண்டு போடுங்கள். எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் டிக்கெட்டில் கடைசி நிலையம் எழும்பூரா தாம்பரமா என்றும் பார்த்துவிடுங்கள்.

சனிக்கிழமை காலை அருங்காட்சியகம். ஒன்பதரைக்குத் திறக்கும். 1851-இல் தொடங்கியது, பல கட்டடங்கள். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் அம்மாவின் கால் போய்விடும். நேராக வெண்கலக் கூடத்துக்குப் போங்கள். அங்கே நிற்கிற அர்த்தநாரீசுவரர் திருவெண்காட்டுக்காரர், உங்கள் மாவட்டம்தான். வலப்பாதியில் இடுப்பு நேராக இறங்கும், இடப்பாதியில் வளைந்து ஒதுங்கும். முன்னால் நின்று பார்த்துவிட்டுப் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். அதே ஊர் ரிஷபவாகனர் தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கிறார். நாகப்பட்டினத்தில் 1856 முதல் தோண்டத் தோண்டக் கிடைத்த புத்தர்களில் பலரும் எழும்பூரில்தான். இந்தச் சிலைகள் கோயிலில் இருந்தால் காணாமல் போயிருக்கும் என்று யாராவது கீழே எழுதுவார்கள், தெரியும். இருக்கட்டும். ஆனால் திருவெண்காட்டுப் பிள்ளைகள் தங்கள் ஊர் சாமியைப் பார்க்க 250 கிலோமீட்டருக்கு மேல் ரயிலேற வேண்டியிருக்கிறது, அந்த ரயில் பாதையும் விழுப்புரம் வரை இன்னும் ஒற்றைப் பாதை. எதிர் வண்டிக்கு வழிவிட்டு நின்று நின்றுதான் போகும்.

மாலை மெரினா. மணல் அகலம் அம்மாவால் நடக்க முடியாதது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022-இல் போட்ட மரப்பாதை இருக்கிறது, அதில் கடல் பக்கம் வரை போகலாம். பையனைக் கரையோடு நிறுத்துங்கள். அலை இழுக்கும், குளிக்கத் தடையும் உண்டு.

ஞாயிறு மயிலாப்பூர். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் கபாலீசுவரரை முடியுங்கள். பறக்கும் ரயில் மலிவுதான், ஆனால் படிக்கட்டு. ஆட்டோவே மேல். வண்டலூரை இந்தத் தடவை விட்டுவிடுங்கள் என்பேன். பாட்டரி வண்டி இருக்கிறதே என்பார்கள், ஞாயிற்றுக்கிழமை அதற்கே வரிசை.

மகாபலிபுரத்தைத் திங்களுக்கு வையுங்கள், சனி ஞாயிறு அங்கே கால் வைக்க இடமிருக்காது. அறைக்கு அரை நாள் வாடகை கூடக் கொடுத்து மதியம் வரை வைத்திருந்து, ஒரு மணி வாக்கில் கார் பிடியுங்கள். காரை மகாபலிபுரம் வரை மட்டும் பேசாதீர்கள், மூட்டை முடிச்சோடு ஐந்து ரதத்தில் அலைய வேண்டிவரும். எழும்பூர், மகாபலிபுரம், பிறகு செங்கல்பட்டில் இறக்கிவிடுவது என்று மொத்தமாகப் பேசுங்கள். பெரியவர்களுக்குத் தலைக்கு 40 ரூபாய், ஐந்து ரதத்துக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் அதே சீட்டுதான், தொலைத்துவிடாதீர்கள். ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். அங்கிருந்து செங்கல்பட்டு சுமார் 30 கிலோமீட்டர், திருக்கழுக்குன்றம் வழி. மறுபடி எழும்பூர் போகிற அலைச்சல் மிச்சம்.

ஊர் திரும்பும் டிக்கெட்டை எழும்பூரிலிருந்து எடுத்திருந்தால் ஏறுமிடத்தைச் செங்கல்பட்டு என்று முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். மாற்றாமல் செங்கல்பட்டில் போய் ஏறினால், ஆள் வரவில்லை என்று பரிசோதகர் அம்மாவின் கீழ்ப்படுக்கையை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்.