டூ-லைனர் பாராகிளைடருக்கு மாறப் போகிறேன். பாதுகாப்பாகப் பறக்கவும் பராமரிக்கவும் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பி வகுப்பு விங்கில் (பாராகிளைடரின் துணி இறக்கை) சில சீசன் பறந்துவிட்டேன், அடுத்து நேராக டி வகுப்பு டூ-லைனர் (லைன்கள், அதாவது தாங்கும் கயிறுகள், ஏ, பி என இரண்டே வரிசையில் உள்ள விங்) வாங்கலாமா, வாங்கினால் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்குப் பதில் சின்னது: நேராகப் போகாதீர்கள். இப்போது சி வகுப்பிலேயே டூ-லைனர்கள் வந்துவிட்டன. ஸ்பீட்பாரை (வேகம் கூட்டக் காலால் மிதிக்கும் கம்பி) மிதித்தபடி பின் ரைசரை (பின்வரிசை லைன்கள் வந்து சேரும் பட்டை) பிடித்துப் பறக்கும் பழக்கத்தை அதிலேயே கற்றுக்கொள்ளலாம். தப்பு நடந்தாலும் அந்த விங் கொஞ்சம் பொறுத்துப் போகும். வருடத்துக்கு நூறு மணி நேரமாவது பறக்க முடியாதவருக்கு டி வகுப்பு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த விங் கேட்கிற கைப்பழக்கம் இரண்டு மாதம் பறக்காமல் இருந்தாலே மங்கிவிடும்.

இரண்டாம் பாதிக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாராகிளைடர்களுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 926-2 சோதனையில் ஏ (சாதுவானது) முதல் டி (மிகக் கடினமானது) வரையான எழுத்து எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். டெஸ்ட் பைலட் ஒருவர் அமைதியான காற்றில், நல்ல உயரத்தில், வேண்டுமென்றே விங்கை மடக்குகிறார். அது எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு முன்னால் பாய்கிறது, தானாகத் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்து வகுப்பைத் தீர்மானிக்கிறார்கள். டூ-லைனரில் ஏ ரைசரை (முன்வரிசைப் பட்டை) இழுத்துச் சோதனைக்கு வேண்டிய மாதிரி மடக்குவது கடினம் என்பதால், அதற்கென்றே தனி லைன்களைக் கட்டி மடக்குகிறார்கள். நீங்கள் வாங்கும் விங்கில் அந்த லைன்கள் இருக்காது. தெர்மலின் (மேலெழும் வெப்பக்காற்று) ஓரத்தில் உங்களுக்கு வரும் மடிப்பும் அப்படி ஒழுங்காக வராது. கொந்தளிப்பிலும் பைலட்டின் பிழையிலும் விங் வன்மையாக எதிர்வினை காட்டலாம், மீட்கத் துல்லியமான கட்டுப்பாடு தேவை என்றுதான் டி வகுப்பைத் தரமே விவரிக்கிறது.

அப்புறம், அந்த எழுத்து கொடுக்கப்பட்டது லைன்கள் தயாரிப்பாளரின் அளவில் இருந்த விங்குக்கு. நூறு மணி நேரம் பறந்து லைன் நீளம் மாறிய உங்கள் விங்கை யாரும் சோதிக்கவில்லை. ஆகவே பறப்பதையும் பராமரிப்பதையும் நான் இரண்டு தலைப்பாகப் பார்ப்பதில்லை. கையும் சரி, லைனும் சரி, சும்மா விட்டால் அளவு தவறிப்போகும். இரண்டையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கத் தயாராக இருப்பவருக்குத்தான் இந்த விங்.

2011-ல் ஸ்பெயினின் பியட்ராயிட்டாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டு பைலட்டுகள் இறந்தார்கள். போட்டி பாதியிலேயே நிறுத்தப்பட்டது. சான்றிதழ் இல்லாத ஓபன் கிளாஸ் விங்குகள் அதன்பின் உலக அளவிலான போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. பிறகு போட்டி விங்குகளுக்கென்றே சிசிசி என்ற தனி வகுப்பும் விதிமுறைகளும் வந்தன. அங்கே பறந்தவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை, அந்தந்த நாட்டு அணியினர். வேகமும் கொந்தளிப்பும் சேர்ந்தால் அனுபவம் மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்கு அதைவிடக் கசப்பான சாட்சி வேண்டாம்.

சரி, காற்றில் என்ன மாறுகிறது? பயிற்சி விங்கின் ஆஸ்பெக்ட் ரேஷியோ (நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம்) 5-ஐ ஒட்டி இருக்கும். டி வகுப்பில் அது 6.5, 7 என்று போகும். போட்டி விங்குகளில் அதற்கும் மேலே. நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் கிளைடு (இழக்கும் உயரத்துக்கு முன்னேறும் தூரம்) கூடுகிறது. மடங்கினால் நுனி லைன்களுக்குள் புகுந்து சிக்கிக்கொள்வதற்கும், அதாவது கிராவட் ஆவதற்கும், அதே வடிவம்தான் காரணம். லாஞ்சிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். நடுப்பகுதி முந்திக்கொண்டு எழும், நுனிகள் இரண்டும் பின்தங்கி ஒன்றையொன்று நோக்கி வரும். அதனால் புது விங் வந்ததும் முதல் வேலை, பறக்காமல் தரையிலேயே மணிக்கணக்காகக் கிரவுண்ட் ஹேண்ட்லிங் (தரையில் நின்றபடி விங்கை எழுப்பிக் கட்டுப்படுத்துவது) செய்வது. பலருக்கு இது சலிப்பாக இருக்கிறது. எனக்கு இதுதான் இந்த விங்கோடு பழகுவதற்கு மிக நேர்மையான வழி என்று தோன்றுகிறது. பிரேக்கில் (விங்கின் பின்விளிம்பை இழுக்கும் கைப்பிடி) எந்த இடத்தில் அது பின்னால் தொங்க ஆரம்பிக்கிறது, பின் ரைசரை எவ்வளவு இழுத்தால் நிற்கிறது என்பதெல்லாம் எலும்பு முறியாமல் தெரிந்துகொள்ளக் கிடைக்கும் இடம் தரைதான்.

பாரை மிதித்துக்கொண்டிருக்கும்போது பிரேக்கைத் தொடக்கூடாது என்பது முதல் விதி. பாரை மிதித்தால் விங்கின் மூக்கு தாழ்ந்து, தாக்குகோணம் (காற்று விங்கைச் சந்திக்கும் கோணம்) குறைந்து, விங் வேகம் எடுக்கிறது. அந்த நிலையில் பிரேக் இழுத்தால் பின்விளிம்பு வளைந்து, தூக்குவிசையின் மையம் பின்னால் நகர்கிறது. ஏற்கெனவே பாரம் குறைந்திருக்கும் மூக்கு இன்னும் இளகி மடிகிறது. பின் ரைசரை இழுத்தால் அப்படி ஆகாது. விங்கின் வடிவம் பெரிதாகச் சிதையாமல் முழுவதும் ஒன்றாகக் கோணம் மாறுகிறது. டூ-லைனரின் பெரிய வரம் இதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் பாதம். பார் உங்கள் பாதத்தை எப்போதும் திருப்பித் தள்ளிக்கொண்டே இருக்கும். இறங்குகாற்றின் விளிம்பில் நுழையும்போது அந்தத் தள்ளல் சட்டென்று இளகும். கையில் பிடித்திருக்கும் பி ஹேண்டிலிலும் (பின் ரைசரின் கைப்பிடி) பிடிப்பு விடும். மடிப்பு வரப் போகிறது என்பதற்கான அறிகுறி இது, கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பாதம் தானாகப் பாரை விட்டிருக்க வேண்டும், கை பி ஹேண்டிலைக் கொஞ்சம் இழுத்திருக்க வேண்டும். யோசித்துச் செய்ய அவகாசம் இருக்காது. தரையோடு நெருங்கிப் பறக்கும்போது முழு பார் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

மடிந்தேவிட்டால்? பாரை உடனே விடுங்கள். உடம்பைத் திறந்திருக்கும் பக்கம் சாயுங்கள். திசை மாறாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் திறந்த பக்கத்துப் பிரேக். பழைய பழக்கத்தில் அழுத்தி இழுத்தால் மிச்சமிருக்கும் பாதி விங்கும் ஸ்டால் ஆகிவிடும் (தூக்குவிசையை இழந்துவிடும்). நீண்ட விங்கில் இது எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் நடக்கும். பாட் ஹார்னஸில் (காலையும் மூடும் இருக்கை) கால் நீட்டிப் படுத்திருந்தால், விங் சுழலும் வேகத்துக்கு உடம்பு ஈடுகொடுக்காமல் ரைசர் முறுக்கிக்கொள்ளும். காலை மடக்கி உள்ளே இழுத்தால் உடம்பும் கூடவே திரும்பும். கிராவட் ஆகிவிட்டால் முதலில் சுழற்சியை நிறுத்துங்கள், பிறகுதான் ஸ்டாபிலோ லைனை (விங்கின் நுனிக்குப் போகும் லைன்) தேடி இழுப்பது. சுழற்சி கூடிக்கொண்டே போகிறது, நிற்கவில்லை என்றால் அடுத்த யோசனைக்கு இடமில்லை, ரிசர்வை (அவசரப் பாராசூட்) எறியுங்கள். விங்கை மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையிலேயே உயரத்தைக் கரைத்துவிடுவது நல்ல பைலட்டுகளுக்கும் நடக்கிறது. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வது போதாது. தண்ணீருக்கு மேல், மீட்புப் படகு காத்திருக்க, பயிற்றுநர் ரேடியோவில் பேச, எஸ்ஐவி கோர்ஸ் (ஆபத்து நிலைகளை வேண்டுமென்றே உண்டாக்கி மீளும் பயிற்சி) ஒன்றை இந்த விங்கிலேயே செய்ய வேண்டும். பழைய விங்கில் செய்த கோர்ஸ் கணக்கில் வராது.

இறங்கும் வழிகளும் குறைந்துவிடும். பி-ஸ்டால் (பி லைன்களை இழுத்து வேகமாக இறங்குவது) டூ-லைனரில் கிடையாது. பிக் இயர்ஸ் (இரு நுனிகளையும் மடக்கி இறங்குவது) பல மாடல்களில் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஸ்பைரல் (இறுக்கமாகச் சுழன்று இறங்குவது) உண்டு, ஆனால் ஜி-விசை வேகமாக ஏறும். அதனால் ஆன்ட்டி-ஜி எனப்படும் சின்ன டிரோக் பாராசூட்டைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் வளரும் இடிமேகத்தின் இழுப்புக்கு முன்னால் எந்த வழியும் நிற்காது. 2007-ல் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில், உலக சாம்பியன்ஷிப்புக்கு முந்தைய பயிற்சியில், ஜெர்மன் அணியின் எவா விஸ்னியெர்ஸ்காவை ஒரு இடிமேகம் 9,900 மீட்டருக்கும் மேலே தூக்கிக்கொண்டு போனது. நினைவிழந்து, உடம்பெல்லாம் பனிக்கட்டி படிந்து, உயிரோடு இறங்கினார். அதே புயலில் சிக்கிய இன்னொரு பைலட் பிழைக்கவில்லை. மேகம் வளர்வதைப் பார்த்துத் தரையிறங்கிவிடுவதுதான் வழி, அதையும் மற்றவர்கள் இன்னும் பறந்துகொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும்.

இனி லைன்கள். டி வகுப்பு விங்கின் லைன்களில் மேலுறை இருக்காது, பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. பெரும்பாலும் அராமிட் அல்லது டைனீமா இழை. அராமிட் நீளத்தில் நிலையானது; ஆனால் மடிப்பு, முடிச்சு, வெயில் மூன்றும் அதன் பலத்தைத் தின்றுவிடும். டைனீமா மடிப்பைத் தாங்கும். ஆனால் பாரம் குறைவாக உள்ள இடங்களில் சுருங்கும், சூடு ஆகவே ஆகாது, சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஏ லைன்கள்தான் பாரத்தின் பெரும்பங்கைச் சுமக்கின்றன, அதனால் அவை நீளத்தைத் தக்கவைக்கின்றன அல்லது கொஞ்சம் நீள்கின்றன. பின்வரிசை சுருங்குகிறது. விளைவாகத் தாக்குகோணம் கூடி, விங் மெதுவாகிறது, லாஞ்சில் தலைக்கு மேல் வர மறுக்கிறது, ஸ்டாலிலிருந்து வெளியே வரத் தயங்குகிறது. இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சென்டிமீட்டர் போதும், நடத்தை மாறிவிடும்.

ஆகவே அளக்க வேண்டும். ஒவ்வொரு லைனையும் பொதுவாக 5 கிலோ இழுவிசையில் வைத்து, லேசர் மீட்டரால் ரைசரிலிருந்து துணி வரை அளந்து, தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடுவார்கள். தனித்தனி நீளத்தைவிட முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போகிறதா என்பதும். மாறியிருந்தால் மெய்லானில் (லைனை ரைசரோடு இணைக்கும் உலோக வளையம்) லூப்பைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்வார்கள். புது லைன்கள் ஆரம்பத்தில்தான் அதிகம் நகர்கின்றன, அதனால் முதல் முப்பது, நாற்பது மணி நேரத்துக்குள் ஒருமுறை அளந்துவிடுங்கள். அதற்குப் பின் மேனுவல் சொல்லும் இடைவெளியை நீட்டாதீர்கள். லூப் மாற்றுவதை நீங்களே செய்யாதீர்கள். அளப்பதைக் கற்றுக்கொள்ளலாம், திருத்துவது பயிற்சி பெற்ற பட்டறையின் வேலை.

வீட்டில் செய்யக்கூடியது விரல் சோதனை. ரைசருக்குப் பக்கத்தில் உள்ள கீழ் லைன்களை ஒவ்வொன்றாகப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல உருட்டிக்கொண்டே மேலே போங்கள். நல்ல லைன் ஒரே சீராக, கெட்டியாக ஓடும். இழை பிய்ந்த இடத்தில் பஞ்சு போலத் தட்டும். உள்ளே முறிந்த இடத்தில் சட்டென்று தட்டையாக, மெத்தென்று இருக்கும். அப்படி ஒரு இடம் தட்டுப்பட்டால் அந்த லைனை மாற்றாமல் பறக்க வேண்டாம். லாஞ்சில் முள்ளிலும் கல்லிலும் சிக்குவது இந்தக் கீழ் லைன்கள்தான்.

பிரேக் லைனைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கை முழுவதும் மேலே இருக்கும்போது பிரேக் லைன் கொஞ்சம் தளர்ந்து, பின்னால் வில்லாக வளைந்து பறக்க வேண்டும். கைக்கு எட்டவில்லை என்று அதைச் சுருக்கிக் கட்டுகிறவர்கள் உண்டு. முழு பாரில் விங் முன்னால் சாயும்போது அந்தச் சுருக்கிய லைன் பின்விளிம்பை இழுத்துவிடும். மேலே சொன்ன பிரேக் ஆபத்தை முடிச்சுப் போட்டுக் கூடவே கொண்டுபோவதுதான் இது.

துணிக்குப் பெரிய எதிரி வெயில். லாஞ்சில் விரித்துப்போட்டு அரட்டை அடிக்காதீர்கள். ஈரமாக மடித்து வைக்கக் கூடாது, நிழலில் காயவைக்க வேண்டும். கடல்நீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசுங்கள், சோப்பு வேண்டாம். மூடிய காருக்குள் வெயிலில் விட்டுவிடாதீர்கள். மழையில் நனைந்த விங் பாராசூட்டல் ஸ்டாலுக்குப் (முன்னே நகராமல் கீழே இறங்கும் நிலை) போகலாம். நனைந்துவிட்டால் பிரேக்கைக் குறைத்து, பாரைக் கொஞ்சம் மிதித்து, இறங்கப் பாருங்கள்.

மடிப்பதில் மட்டும் அவசரம் கூடாது. முன்விளிம்பில் பிளாஸ்டிக் கம்பிகள் உள்ளன. டூ-லைனரில் லைன் குறைவு என்பதால் வடிவத்தைப் பிடித்து வைக்க இன்னும் நீளமான கம்பிகள் உள்ளே ஓடுகின்றன. கான்செர்ட்டினா பையில் (விங்கை மடிப்பதற்கான நீளப் பை) ரிப் (விங்கின் உள் தடுப்பு) மேல் ரிப்பாக அடுக்கி, கம்பிகள் வளையாமல், காற்றை மெதுவாக வெளியேற்றி மடியுங்கள். மேலே உட்கார்ந்து அமுக்கினால் வளைந்த கம்பி வளைந்தபடியே நிற்கும். உள்ளே மாட்டிய வெட்டுக்கிளியையும் மணலையும் வெளியேற்றிவிடுங்கள்.

ரிசர்வை மேனுவல் சொல்லும் இடைவெளியில், வழக்கமாக வருடத்துக்கு ஒருமுறையாவது, பிரித்து மடிக்க வேண்டும். ஈஎன் 12491 தரத்தில் ரிசர்வ் நொடிக்கு 5.5 மீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது. ஆனால் அந்த அளவு அதன் உச்சபட்ச எடைக்கு உட்பட்டுத் தொங்கினால்தான். போட்டி ஹார்னஸும் பேலஸ்டும் (கூடச் சுமக்கும் எடை) சேர்ந்து உங்கள் எடை ஏறியிருக்கும், மறுபடி கூட்டிப் பாருங்கள். புது பாட் ஹார்னஸில் பொருத்தியதும் தொங்கிக்கொண்டு ஒருமுறை இழுத்தும் பார்த்துவிடுங்கள். உள் பையின் பட்டை இறுகுவதற்கு முன்பே பின்கள் கழன்றுவிட வேண்டும். சில ஹார்னஸ்-ரிசர்வ் ஜோடிகளில் அது நடப்பதில்லை, தரையில் இழுத்துப் பார்த்தால்தான் தெரியவரும்.

பழைய விங் வாங்குவதாக இருந்தால் துணியின் காற்றுக்கசிவு அளவோடு லைன் வாரியாக மில்லிமீட்டர் எண்கள் உள்ள சர்வீஸ் அறிக்கையைக் கேளுங்கள். அறிக்கையில் "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருந்தால், ஒரு முழு லைன் செட்டின் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.